சூடானதும் நின்றுபோகும் பழைய என்ஜின்: கார்புரேட்டர் ஸ்க்ரூவைக் கடைசியில் தொடுங்கள்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இதே தொல்லை உள்ள மற்றவர்களுக்கும் உதவும். 1960-களில் வந்த 4 சிலிண்டர் பெட்ரோல் கார், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் ஒன்றே, ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் அனுப்பும் டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் பாயிண்ட் (மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும் சின்ன சுவிட்ச்). காலையில் சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் விசை) இழுத்தால் உடனே பிடித்துக்கொள்கிறது. 20 நிமிடம் ஓடிய பிறகு எங்காவது நிறுத்தினால் ஐடிலில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஓடும் நிலையில்) குலுங்குகிறது, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஆஃப் ஆகிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. பிளக் நான்கும் புதிது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, கலவையின் அளவை மாற்றும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை இரண்டு பக்கமும் திருகிப் பார்த்தாயிற்று, ஐடில் வேகத்தை மாற்றும் ஐடில் ஸ்க்ரூவையும் ஏற்றி வைத்தாயிற்று, பலன் இல்லை. பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினால் தீருமா என்பது கூடவே வந்த கேள்வி.

முதல் வேலை ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைப்பது. பழைய வண்டி தடுமாறினால் எல்லாருடைய கையும் கார்புரேட்டருக்குத்தான் போகும். அது மேலே, கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, திருகுவதற்கு ஸ்க்ரூவும் இருக்கிறது. கார்புரேட்டர் கோளாறில் பாதிக்கு மேல் டிஸ்ட்ரிப்யூட்டரில்தான் இருக்கும் என்று பழைய மெக்கானிக்குகள் கிண்டலாகச் சொல்வதுண்டு, அதில் நிறைய உண்மை இருக்கிறது. போன மாதம் வரை ஒழுங்காக ஓடிய வண்டியில் ஸ்க்ரூ தானாகத் திரும்பியிருக்காது. வேறு ஏதோ மாறியிருக்கிறது. அது என்னவென்று தெரியாமல் ஸ்க்ரூவைத் திருகினால் இருந்த ஒரு கோளாறோடு நாம் வைத்த இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும், அப்புறம் எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. நீங்கள் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதனால் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெதுவாக, அழுத்தாமல் உள்ளே முட்டும்வரை திருகி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே விட்டுவிடுங்கள். சோலெக்ஸ், ஜெனித் மாதிரி கார்புரேட்டர்கள் பலவற்றுக்கு ஆரம்ப நிலை ஏறக்குறைய இதுதான். இறுக்கி முட்டினால் ஸ்க்ரூவின் கூர் முனையில் வளையம் மாதிரி பள்ளம் விழுந்துவிடும், அதற்குப் பிறகு அந்த ஸ்க்ரூவை வைத்து யாராலும் ஐடில் செட் செய்ய முடியாது. வெளியே எடுத்து முனையைப் பார்த்துவிடுவதும் நல்லது.

ஓடும்போது நன்றாகத்தான் இருக்கிறது, நின்றால்தான் தொல்லை, ஆகவே கோளாறு ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டில்தான் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படிச் சொல்ல முடியாது. ஐடிலில் த்ராட்டில் தட்டு (ஆக்சிலேட்டர் திறந்து மூடும் காற்றுக் கதவு) கிட்டத்தட்ட மூடியிருக்கும், உள்ளே போகிற கலவை மிகக் கொஞ்சம், முந்தைய சுற்றில் எரிந்த புகை சிலிண்டருக்குள் கணிசமாக மிச்சமிருந்து புதுக் கலவையைக் கெடுக்கும், 800 ஆர்.பி.எம் வேகத்தில் ஃப்ளைவீலின் உந்தமும் குறைவு. அதனால் 3000 ஆர்.பி.எம்மில் தெரியவே தெரியாத ஒரு சின்ன ஏர் லீக், கொஞ்சம் மந்தமான ஸ்பார்க், லேசாக ஒழுகும் ஒரு வால்வ், எல்லாமே ஐடிலில் பெரிதாகக் காட்டும். காற்றுக் கசிவின் அளவு பெரும்பாலும் அதேதான், ஆனால் என்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றில் அதன் பங்கு ஐடிலில்தான் மிக அதிகம்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? வண்டி எப்படி நிற்கிறது என்பதில்.

சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி, முன்னறிவிப்பே இல்லாமல் பட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம். இருமி, திக்கி, ஆக்சிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் பிடித்து, மறுபடி இறங்கி மெல்லச் செத்தால் பெரும்பாலும் பெட்ரோல் பக்கம் அல்லது ஏர் லீக். சூடு ஏற ஏற ஐடில் படிப்படியாகக் கெட்டு, கூடவே ஓட்டத்தில் இழுவையும் குறைந்திருந்தால் டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரம்) அல்லது டேப்பெட்டை (வால்வ் இடைவெளி) சந்தேகிக்கலாம். உங்கள் காரில் எலக்ட்ரிக் டேக்கோமீட்டர் (என்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் மீட்டர்) இருந்தால் இன்னும் எளிது, அது ஸ்பார்க்குக்கு உயர் வோல்டேஜ் தரும் காயிலின் துடிப்பை எண்ணித்தான் காட்டுகிறது. கியரில் உருண்டுகொண்டிருக்கும்போதே என்ஜின் செத்து, முள் உடனே பூஜ்யத்துக்கு விழுந்தால் காயிலுக்கு வரும் மின்சாரமோ பாயிண்டோ போய்விட்டது. முள் என்ஜின் வேகத்தைக் காட்டிக்கொண்டே இருந்தால் பிரைமரி பக்கம் (காயிலுக்கும் பாயிண்டுக்கும் வரும் குறைந்த வோல்ட் பகுதி) வேலை செய்கிறது, தேட வேண்டிய இடம் வேறு. கேபிளில் ஓடும் பழைய டேக்கோமீட்டரில் இந்த வித்தை பலிக்காது.

அடுத்தது, நின்ற அந்த நிமிடத்திலேயே சோதிக்க வேண்டும். ஆறிய பிறகு எல்லாம் சரியாக இருக்கும், ஒன்றும் தெரியாது. ஒரு நல்ல பிளக், ஒரு டெஸ்ட் லைட், கொஞ்சம் ஒயர், ஒரு துணி, ஒரு பாட்டில் தண்ணீர் இவ்வளவும் வண்டியில் இருக்கட்டும். நின்றவுடன் பானெட்டைத் திறந்து, ஒரு பிளக் லீடைக் கழற்றி, கையில் உள்ள பிளக்கில் மாட்டி, அதன் உடலை என்ஜின் இரும்பில் நன்றாகத் தொட வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சத்தத்தோடு விழும் நீல ஸ்பார்க் வந்தால் மின்சாரம் இருக்கிறது. மஞ்சளாக, மெலிந்து, விட்டுவிட்டு வந்தால் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் ஈரம் எங்காவது இருந்தால் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம், லீடை வெறும் கையால் பிடிக்கவும் வேண்டாம். 20,000 வோல்ட் அளவுக்கு வரும். ஆளைக் கொல்வது அரிது என்றாலும், உதறிய கை போய் ஃபேனில் படும்.

ஸ்பார்க் மந்தம் என்றால் சூட்டில் சாகும் இரண்டு ஆசாமிகளை முதலில் பிடியுங்கள்: கண்டென்சர், காயில். கண்டென்சர் என்பது 0.2 மைக்ரோஃபாரட் சுமாருக்கு உள்ள சின்ன டப்பா. பாயிண்ட் திறக்கும்போது அங்கே தீப்பொறி தாவாமல் அந்த மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, காயிலின் காந்தப்புலம் சட்டென்று சரிய வைப்பது அதன் வேலை. உள்ளே காப்பு கெட்டுவிட்டால் குளிரில் நன்றாக இருக்கும், சூட்டில் கசியும், ஆறினால் மறுபடி நல்ல பிள்ளை. நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு அப்படியே பொருந்துகிறது. டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றிவிட்டு செல்ஃப் அடிக்கும்போது பாயிண்டுக்கு நடுவே பளிச்சென்று நீலத் தீப்பொறி தெரிந்தால் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். பாயிண்டின் ஒரு முகத்தில் மேடும் எதிர் முகத்தில் குழியும் விழுந்திருந்தாலும் சந்தேகம் அதன் மேல்தான். இதில் ஒரு எச்சரிக்கை. புதிதாக வாங்கியதால் அது நல்லது என்று அர்த்தமில்லை. இப்போது கிடைக்கும் கண்டென்சர், ரோட்டர் (டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுழன்று ஸ்பார்க்கைப் பங்கிடும் துண்டு) இரண்டிலும் தரம் குறைந்த சரக்கு ஏராளம், பெட்டியிலிருந்து எடுத்து மாட்டிய அன்றே செத்தவையும் உண்டு. ஓடிக்கொண்டிருந்த பழையதைத் தூக்கி எறியாமல் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருப்பேன்.

காயிலைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு, கை வைக்க முடியாத அளவுக்குக் கொதித்தால் தப்பு. அநேகமாக பேலஸ்ட் ரெசிஸ்டரோடு (மின்சாரத்தைக் குறைக்கும் தடை) ஓட வேண்டிய காயிலை யாரோ நேராக 12 வோல்ட்டில் கொடுத்திருப்பார்கள். மல்ட்டிமீட்டரில் பிரைமரியை அளந்தால் தெரிந்துவிடும்: சாதாரண 12 வோல்ட் காயில் 3 ஓம் சுமாருக்குக் காட்டும், பேலஸ்ட் வகை 1.5 ஓம் சுமாருக்கு. இரண்டாவதை நேராகக் கொடுத்தால் காயிலும் கொதிக்கும், பாயிண்டும் கருகும். எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும், 3 ஓம் காயிலை பேலஸ்ட் வழியாக ஓட்டினால் ஸ்பார்க் சோர்ந்துபோய் ஐடிலில்தான் முதலில் மிஸ் அடிக்கும். இன்னொன்று, அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்களில் நிறைய பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ் முனை பாடியோடு இணைந்திருக்கும். பிற்பாடு யாராவது நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியிருந்து காயிலின் இரண்டு ஒயரையும் மாற்றாமல் விட்டிருந்தால், ஸ்பார்க் பிளக்கில் தலைகீழாகத் தாவும். அதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும். வண்டி ஓடும், ஆனால் என்றைக்குமே முழுசாக ஓடாது. நெகட்டிவ் எர்த் வண்டியில் காயிலின் மைனஸ் முனை டிஸ்ட்ரிப்யூட்டருக்குப் போக வேண்டும்.

பாயிண்ட். லூகாஸ் வகை டிஸ்ட்ரிப்யூட்டர்களில் பெரும்பாலும் 0.35 முதல் 0.40 மி.மீ இடைவெளி, மற்றவற்றுக்கு உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். கேம் மேல் உரசும் ஃபைபர் குதிக்குக் கடுகளவு கிரீஸ் வைக்காமல் விட்டால் அது தேய்ந்து, இடைவெளி குறைந்து, டைமிங் தானாகப் பின்வாங்கும். அதனால்தான் எப்போதும் பாயிண்ட் முதலில், டைமிங் பிறகு. வரிசையை மாற்றிச் செய்தால் செய்த வேலை வீண். புது பாயிண்டின் முகத்தில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவிய பூச்சு இருக்கும், அதை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். இக்னிஷனைப் போட்டு, பாயிண்ட் மூடிய நிலையில் காயிலின் டிஸ்ட்ரிப்யூட்டர் பக்க முனைக்கும் என்ஜினுக்கும் நடுவே மல்ட்டிமீட்டரை வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாயிண்ட் அழுக்கு, அல்லது உள்ளே எர்த் சரியில்லை.

அந்த எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு வேக்கம் அட்வான்ஸுக்காக (என்ஜினின் உறிஞ்சு விசையால் டைமிங்கை முன்னே நகர்த்தும் ஏற்பாடு) அசையும், அதற்கும் டிஸ்ட்ரிப்யூட்டர் உடலுக்கும் நடுவே துணி உறை போட்ட மெல்லிய ஒயர் ஒன்று ஓடும். ஐம்பது, அறுபது வருடம் இப்படியும் அப்படியும் மடங்கிய ஒயர், வெளியே முழுசாகத் தெரியும், உறைக்குள் இழைகள் அறுந்திருக்கும். தட்டு ஒரு நிலையில் இருக்கும்போது தொடர்பு இருக்கும், ஆக்சிலேட்டரை விட்டதும் தட்டு அசைந்து தொடர்பு போகும். கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிச் சுத்தம் செய்யவைக்கும் கோளாறு இது. மூடியைக் கழற்றி அந்த ஒயரை விரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி நீண்டால் அறுந்துவிட்டது.

மூடி கையில் இருக்கும்போதே ரோட்டரைக் கழற்றி, நடுத் தண்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். நன்றாக ஆடினால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது, ஒவ்வொரு சிலிண்டருக்கும் பாயிண்ட் ஒவ்வொரு அளவுக்குத் திறக்கும், என்ன செட் செய்தாலும் நிற்காது. டுவெல் மீட்டர் (பாயிண்ட் மூடியிருக்கும் கோணத்தை அளப்பது) இருந்தால் வேகத்தை ஏற்றி இறக்கும்போது 3 டிகிரிக்கு மேல் அலைகிறதா என்று பாருங்கள். ரோட்டரைக் கையால் ஒரு பக்கம் திருகிவிட்டால் ஸ்பிரிங் இழுத்துத் தானாகத் திரும்ப வேண்டும். உள்ளே இருக்கும் அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஐடிலிலேயே டைமிங் முன்னும் பின்னும் ஓடி என்ஜின் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், பலர் அதைக் கார்புரேட்டர் என்று நினைப்பார்கள். மூடிக்குள் நடுவில் உள்ள கார்பன் பிரஷ் இருக்கிறதா, ஸ்பிரிங்கில் அழுந்துகிறதா, உள்சுவரில் பென்சிலால் கிழித்த மாதிரி கரிக்கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். இரவில் விளக்கில்லாமல் பானெட்டைத் திறந்து என்ஜினை ஓட விட்டால் லீடில் எங்கே கசிகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

மின்சாரம் சுத்தம் என்று ஆனால் ஏர் லீக்குக்கு வருவோம். இதற்குக் காசே ஆகாத ஒரு சோதனை உண்டு, ஏனோ நிறையப் பேர் செய்வதில்லை. என்ஜின் சூடாகி ஐடிலில் குலுங்கிக்கொண்டிருக்கும்போது சோக்கைக் கொஞ்சமாக இழுங்கள். ஓட்டம் சீரானால் கலவை லீனாக (பெட்ரோல் குறைவாக) இருக்கிறது, அதாவது எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது, அல்லது ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது. இன்னும் மோசமாகிக் கரும்புகை வந்தால் ஏற்கெனவே ரிச் (பெட்ரோல் அதிகம்), அப்போது ஏர் லீக்கைத் தேட வேண்டாம், ஃப்ளோட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) பக்கம் போகலாம்.

லீன் என்று தெரிந்தால் கார்புரேட்டர் அடிக் கேஸ்கெட், மேனிஃபோல்டு கேஸ்கெட், வேக்கம் அட்வான்ஸ் குழாய், பிரேக் சர்வோ குழாய், கிராங்க்கேஸ் காற்றுக்குழாய், த்ராட்டில் தண்டு, இவைதான் இடங்கள். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக மடித்து அழுத்தினாலே பதில் கிடைக்கும், அழுத்தியதும் ஐடில் சீரானால் காற்று அந்த வழியாகத்தான் வருகிறது. வேக்கம் அட்வான்ஸ் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்பதற்குக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி நாக்கால் அடையுங்கள், பிடித்து நின்றால் நல்லது. கேஸ்கெட் ஓரங்களுக்குக் கார்ப் கிளீனர் அடித்து வேகம் மாறுகிறதா என்று பார்ப்பது வழக்கம், ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கும் என்ஜின்களில் அது தீயோடு விளையாட்டு. நான் தண்ணீர் ஸ்பிரேயில் தொடங்குவேன், விரிசல் ஓரளவு பெரிதாக இருந்தால் அதிலேயே காட்டிக்கொடுத்துவிடும். எதை அடித்தாலும் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டு நிற்க வேண்டாம்.

த்ராட்டில் தண்டு தேய்ந்திருந்தால் மேலும் கீழும் ஆட்டும்போதே கையில் தெரியும். கார்புரேட்டரை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் இது தீராது, புது கேஸ்கெட் செட்டிலும் இதற்கு மருந்து இல்லை, துளையைப் பெரிதாக்கி புஷ் போட வேண்டும். எஸ்.யூ. கார்புரேட்டர் என்றால் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள், டக்கென்று சத்தத்தோடு கீழே உட்கார வேண்டும். ஸ்ட்ராம்பெர்க் என்றால் மேல் மூடியைத் திறந்து டயாஃப்ரத்தில் ஊசி ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால் வேக்கம் கேஜ் வாங்குங்கள். டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப் மாதிரி அது. மேனிஃபோல்டில் மாட்டினால் நல்ல நிலையில் உள்ள சாதாரண என்ஜின், கடல் மட்ட அளவில், ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் பாதரசம் வரை அசையாமல் காட்டும். உயரமான இடத்தில் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். முள் அசையாமல் ஆனால் தாழ்வாக நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கிறது அல்லது ஏர் லீக். சீரான தாளத்தில் ஒரே இடத்துக்கு விழுந்து விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வ் சரியாக மூடவில்லை. மெதுவாக மிதந்து ஏறி இறங்கினால் பெரும்பாலும் கலவை. ஐடிலில் நடுங்கி, வேகம் ஏற்றியதும் அடங்கினால் வால்வ் கைடு தேய்மானம். இந்த ஒரு முள் உங்களுக்கு இரண்டு வார அனுமானத்தை மிச்சப்படுத்தும்.

பெட்ரோல் பக்கம். நின்றவுடன் டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், அதற்குப் பிறகு வண்டி பிடித்துக்கொண்டால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இதைவிடச் சுலபமான ரிப்பேர் பழைய காரில் கிடையாது. அது இல்லையென்றால் ஈரத் துணியை ஃபியூல் பம்ப் மேலும் பெட்ரோல் பைப் மேலும் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். சீக்கிரமே உயிர் வந்தால் பெட்ரோல் பைப்புக்குள் ஆவியாகி வழியை அடைக்கிறது என்று அர்த்தம். ஆனால் உங்கள் விவரிப்பில் இன்னொரு வடிவமும் சாத்தியம்: சூட்டில் ஃப்ளோட் சேம்பரிலேயே பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிந்து ரிச் ஆகி நிற்பது. அப்போது மறுபடி செல்ஃப் அடிக்கும்போது பெட்ரோல் வாசம் மூக்கைத் துளைக்கும், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்தால்தான் கரும்புகையோடு பிடிக்கும். ஆவி அடைத்த வண்டியில் அந்த வாசம் இருக்காது. இரண்டுக்கும் மருந்து ஏறக்குறைய ஒன்றுதான்: கார்புரேட்டருக்கு அடியில் தடித்த இன்சுலேட்டர், எக்ஸாஸ்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே இருக்க வேண்டிய தகடு, பைப்பை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி ஓட்டுவது. முன்பு யாரோ என்ஜினைக் கழற்றிப் பூட்டியபோது அந்தத் தகட்டையும் இன்சுலேட்டரையும் வேண்டாததென்று தூக்கிப் போட்டிருப்பது சர்வசாதாரணம், இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பைப்பில் மரக் கிளிப்புகளை வரிசையாக மாட்டினால் சரியாகும் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

எத்தனால் கலந்த பெட்ரோலும் இதில் சேர்கிறது. அது கலந்தால் பெட்ரோல் சீக்கிரம் ஆவியாகும், எத்தனாலில் உள்ள ஆக்சிஜன் கலவையைச் சற்று லீன் ஆக்கும், பழைய ரப்பர் குழாய்களை உள்ளிருந்து கரைத்துக் கறுப்புத் துகளாக்கி ஜெட்டுக்கு அனுப்பும். காரில் உள்ள பெட்ரோல் குழாய் எத்தனால் தாங்கும் வகையா என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள், பெரிய செலவில்லை. மாதக்கணக்கில் டேங்க்கில் கிடந்த பெட்ரோலை வைத்துக்கொண்டு டியூனிங் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஃப்ளோட் மட்டம் ஏறியிருந்தாலோ, அது மூடும் நீடில் வால்வ் ஒழுகினாலோ ஐடிலில் மெயின் ஜெட் வழியாகவே பெட்ரோல் சொட்டும். என்ஜினை ஐடிலில் விட்டு, ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்தால் மெயின் நாஸிலில் சொட்டுவது தெரியும். முகத்தைக் குனியாமல் தள்ளி நின்று பாருங்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முழுக்க மூடினால் என்ஜின் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் பெட்ரோல் வேறு வழியில் வருகிறது: ஒன்று இந்த ஃப்ளோட், இன்னொன்று நீங்கள் செய்துவைத்த வேலை. ஐடில் ஸ்க்ரூவை அதிகம் ஏற்றினால் த்ராட்டில் தட்டு திறந்து, ஆக்சிலேட்டரை மிதிக்கத் தொடங்கும்போது மட்டும் வேலை செய்ய வேண்டிய துளைகள் வெளிப்பட்டுவிடும். பெட்ரோல் அங்கிருந்து வரும், மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எங்கே திருகினாலும் ஒரு மாற்றமும் தெரியாது. உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்கலாம். ஸ்லோ ஜெட்டின் துளை அரை மி.மீ சுமார்தான் இருக்கும், அதில் கம்பி விட்டுக் குடையாதீர்கள், காற்றழுத்தம் மட்டும் போதும்.

என்ஜினின் உள்ளுடம்பு சரியில்லாவிட்டால் இதுவரை சொன்ன எதுவும் முழுசாகப் பலிக்காது, அதனால் ஒருமுறை கம்ப்ரஷன் பார்த்துவிடுங்கள். என்ஜின் சூடாக இருக்க வேண்டும், பிளக் நான்கும் வெளியே, த்ராட்டில் முழுக்கத் திறந்து, காயில் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு செல்ஃப் அடிக்க வேண்டும். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதே முக்கியம். ஒன்று மட்டும் தாழ்வாக இருந்தால் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பாருங்கள், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து தாழ்ந்தால் ஹெட் கேஸ்கெட் நடுவில் போயிருக்கலாம். சூட்டில் மட்டும் கெடும் ஐடிலுக்கு டேப்பெட் இறுக்கமும் ஒரு காரணம், குறிப்பாக எக்ஸாஸ்ட் வால்வ். இரும்பு ஹெட் உள்ள பழைய என்ஜின்கள் ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வடிவமைக்கப்பட்டவை. 2021-ல் அல்ஜீரியாவும் நிறுத்தியதோடு உலகத்தில் எங்குமே கார்களுக்கு அந்தப் பெட்ரோல் விற்பனையில் இல்லை. கடினப்படுத்தாத சீட்டில் (வால்வ் உட்காரும் இடம்) எக்ஸாஸ்ட் வால்வ் மெல்ல மெல்ல உள்ளே அமிழும், டேப்பெட் இடைவெளி தானாகக் குறைந்துகொண்டே வரும். போன வருடம் செட் செய்தேன், இப்போது மறுபடி இறுகியிருக்கிறது என்றால் அதுதான் நடக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றுங்கள், ஓட்டுங்கள், எழுதி வையுங்கள். உங்கள் காரில் நான் போகும் வரிசை: டேங்க் மூடி, கண்டென்சர், டிஸ்ட்ரிப்யூட்டர் எர்த் ஒயர், காயில் சூடு, சோக் சோதனை, குழாய்களை அழுத்திப் பார்ப்பது, இன்சுலேட்டர், டேப்பெட். இதற்குள் அநேகமாகப் பிடிபட்டுவிடும். அதற்கப்புறம்தான் பாயிண்ட், டைமிங் செட் செய்து, என்ஜின் நன்றாகச் சூடான நிலையில், ஐடில் ஸ்க்ரூவை முடிந்தவரை இறக்கி, மிக்ஸ்சர் ஸ்க்ரூவை வேக்கம் கேஜில் முள் உச்சத்தைத் தொடும் இடத்தில் வைத்து, வேகம் கூடினால் மறுபடி ஐடில் ஸ்க்ரூவை இறக்கி, இரண்டையும் மாறி மாறி இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டும்.

எலக்ட்ரானிக் இக்னிஷன் கேள்விக்கு: மாட்டலாம், எனக்கு அதில் விரோதம் இல்லை, பாயிண்ட் தேய்மானமும் கண்டென்சரும் ஒரேயடியாகப் போய்விடும். ஆனால் காயில் தவறாக இருந்தால் அந்த மாட்யூலையும் சேர்த்து எரிக்கும், அட்வான்ஸ் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அப்படியே தளர்ந்திருக்கும், ஏர் லீக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கோளாறைக் கண்டுபிடித்த பிறகு மாட்டுங்கள். வாங்கும்முன் உங்கள் கார் பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா என்று பேட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் ஒயரைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், மாற்றிக் கொடுத்தால் மாட்யூல் அந்த நொடியே போய்விடும். கழற்றிய பாயிண்டையும் கண்டென்சரையும் தட்டோடு சேர்த்து டிக்கியில் போட்டு வையுங்கள், மாட்யூல் நடுவழியில் செத்தால் பழையதை அங்கேயே மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம்.